பதினேழு சென்ட்

காரைக்குடி பழம்பொருள் கடையில்
எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும்
மூக்குடைந்த பீங்கான் நாய்க்கும் நடுவே
தலைகீழாய்க் கிடந்தது.
"ஆர்மோனியம் மாதிரி ஒண்ணு. பினாங்கு சரக்கு.
கரண்ட்டுல ஓடும். ஓடலேன்னா என்னைக் கேக்காதீங்க"
என்றார் ஜபருல்லா.
எழுபத்தாறாம் வருஷத்து ஜப்பான் சிந்தசைசர்.
முப்பத்தேழு கட்டைகளில் நான்கு ஊமை.
உதிர்ந்த திருகு ஒன்றுக்குப் பதிலாக
யாரோ பற்பசை மூடியைச் செருகியிருந்தார்கள்.
அதற்காகவே வாங்கினேன்.

பகலில் எனக்கு நகைக்கடன் பிரிவு,
உரைகல், தராசு,
மில்லிகிராம் வரை சந்தேகப்படச் சம்பளம்.
இரவில் அதே கண், அதே பூதக்கண்ணாடி.
உப்பிய கப்பாசிட்டர்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கினேன்.
ஈயம் உருகும் வாசனைக்கு
மெய்யம்மை ஜன்னலைத் திறந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை,
தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

மார்கழியில் முதல் சத்தம்.
ஈரச் சாக்கை யாரோ கிழிப்பது போல.
ஃபில்டரைக் கொஞ்சம் மூடினேன்,
உள்ளே ஒரு தொண்டை இருந்தது.

பிறகு ஆசை பெருத்துவிட்டது.
சட்டம் அடித்து மாடுலர் கட்ட ஆரம்பித்தேன்:
பெங்களூர்ப் பையன் ஒருவன் கடன் தொல்லையில் விற்ற
இரண்டு ஆஸிலேட்டர்,
பிஸ்கட் டின்னுக்குள் நானே கட்டிய இன்னொன்று,
மஞ்சளும் கறுப்புமாய்த் தொங்கும் கேபிள்கள்.
சேவை பிழிந்த மாதிரி இருக்கு என்கிறாள் மெய்யம்மை.
ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும்.
இவ்வளவுதான் விதி.
சித்திரை பிறந்ததும் அதை யாரும் மதிக்கவில்லை.

மதியம் இரண்டு மணி, ஓடு கொதிக்கிறது,
ஷட்ஜம் நகர்கிறது.
அளந்தேன். பதினேழு சென்ட்.
அரை ஸ்வரத்தை நூறாக்கினால் ஒரு பங்கு, சென்ட்.
ஏக்கரை நூறாக்கினாலும் அதே பெயர்தான்.
பள்ளத்தூரில் பதினேழு சென்ட்டுக்காக
என் பங்காளிகள் இருவர்
முப்பது வருஷமாய் தேவகோட்டை கோர்ட்டுக்கு
ஒரே பஸ்ஸில்
வெவ்வேறு ஜன்னல் பார்த்துப் போகிறார்கள்.
நான் மட்டும் விட்டுக்கொடுப்பேனா?
டிரான்சிஸ்டர் ஜோடியை ஒட்டவைத்தேன்,
டேபிள் ஃபேனைத் திருப்பினேன்,
ஈரத்துணி போர்த்தினேன், காய்ச்சல்காரனுக்குப் போல.
பதினாறானது.

எதிரொலிக்கு மெஷின் வாங்கக் காசில்லை.
பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு இருக்கிறது,
இருபத்து மூன்று பங்கு, ஒரு வாட்ஸ்அப் குழு.
"ஒலிச் சோதனைக்கு ஒரு ராத்திரி வளவு வேண்டும்."
இருபத்தொரு கட்டைவிரல் வந்தது.
ஈப்போவிலிருந்து மட்டும் ஒரு கேள்வி:
வாடகை உண்டா?

வளவின் அந்தப் பக்கம் ஸ்பீக்கர்,
இந்தப் பக்கம் பேட்டரியில் ஓடும் ரெக்கார்டர்.
ரம்பப்பல் அலை ஒன்றை அவிழ்த்துவிட்டேன்.
ஆறு வினாடி சுற்றித் திரும்பி வந்தது,
பூட்டிய இரட்டை அறை ஒவ்வொன்றும்
தன் பங்கைக் கழித்துக்கொண்ட மிச்சம்.
பக்கத்துத் தெருவில் யாரோ போர் மோட்டார் போட
பல்பு மங்கியது, ஸ்ருதி தள்ளாடியது.
சரி என்று திருகைத் தொடும்போது
ஊரே அணைந்தது.

கரண்ட் போனாலும் பெட்டி உடனே சாகவில்லை.
நான் மாற்றிய கப்பாசிட்டர்களில் மிச்சமிருந்ததை
நிதானமாய்ச் செலவழித்தது.
ஷட்ஜம் இறங்கியது,
நான் அறிந்த ஷட்ஜங்களுக்கெல்லாம் கீழே,
உறுமலாகி, தனித்தனித் தட்டலாகி,
கடைசித் தட்டலுக்கு முன்
அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது.
அதன் பிறகும் வளவு ஆறு வினாடி.

இருட்டில் தூணருகே மெய்யம்மை.
எப்போது வந்தாள் தெரியாது.
"இன்னொரு தடவை அதை விழ வையேன்."

அதற்குக் கரண்ட் வேண்டும் என்றேன்.
உட்கார்ந்தாள்.
கொசு அடித்தோம். பதினொன்று, பன்னிரண்டு.
தூணில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள்.
மூன்றரைக்கு வந்தது.
ஷட்ஜம் எங்கேயோ நின்றுகொண்டிருந்தது, அளக்கவில்லை.
ஈப்போவுக்குப் பதில் எழுதினேன்:
உண்டு. எவ்வளவென்று பிறகு சொல்கிறேன்.
அவளை எழுப்பிவிட்டு
ஸ்விட்சில் கை வைத்தேன்.